வீடு ஒரு முறைதான் கிடைக்கும்: எங்கே தவறு நடக்கிறது?

நகரத்து அடுக்குமாடிகளுக்குச் செங்கல் அறுத்தவர்கள் நாம். கம்பி கட்டியவர்கள், கலவை சுமந்தவர்கள், சென்ட்ரிங் அடித்தவர்களும் நாம்தான். ஆனால் நம் தெருவில் ஒரு வீடு எழும்போது, பார்த்துப் பார்த்துக் கட்ட அந்தக் கைகளுக்கு நேரம் இருப்பதில்லை. வாரம் முழுக்க ஊரார் வீட்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நம் வீட்டு வேலை. கையில் பணம் வந்தால் வேலை ஓடும், தீர்ந்தால் நிற்கும். இந்த இடைவெளியில்தான் தவறுகள் நுழைகின்றன.

1985-86இல் மத்திய அரசு இந்திரா வீட்டுவசதித் திட்டத்தைத் தொடங்கியபோது, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கே அது முதலில் வகுக்கப்பட்டது. நம் குடியிருப்புகளில் வரிசையாக நிற்கும் பழைய தொகுப்பு வீடுகள் பல அந்தக் காலத்தவை. இன்று அவற்றில் பலவற்றின் கூரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடிக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 'காலனி' என்ற சொல் அரசுப் பதிவேடுகளில் இருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். பெயர் மாறுவது நல்லது. தலைக்கு மேல் உதிரும் காரையும் நிற்க வேண்டும்.

இப்போது மீண்டும் வீடுகள் எழுகின்றன. 2016இல் தொடங்கிய ஊரகப் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம் ரூபாய் அடிப்படை உதவித்தொகை. கான்கிரீட் கூரைக்குத் தமிழ்நாடு அரசு தனியாகவும் பணம் சேர்க்கிறது. 2024-25இல் மாநில அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். ஒரு குடும்பத்துக்கு இந்த வாய்ப்பு ஒரு முறைதான். பழுதாகிவிட்டது என்று போய் நின்றால், பெயர் ஏற்கெனவே பயனாளிகள் பட்டியலில் ஏறியிருக்கும். எனவே தவறு எங்கெங்கே நடக்கிறது என்பதை, வேலை நடக்கும் வரிசையிலேயே பார்ப்போம்.

பட்டா கையில், இடம் எங்கே?

கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே நடக்கும் தவறு இது. ஆதிதிராவிடர் நலத்துறை வழியாக இலவச வீட்டுமனைப் பட்டா கிடைத்திருக்கும். ஆனால் இடத்தை அளந்து கல் நட்டிருக்க மாட்டார்கள். அல்லது கிராமக் கணக்கில் உட்பிரிவு செய்து நம் பெயர் ஏறியிருக்காது. நிலத்தை எடுத்ததை எதிர்த்துப் பழைய உரிமையாளர் நீதிமன்றம் போயிருப்பதும் உண்டு. நலத்துறை மனைகளில் பல, 1978ஆம் ஆண்டின் ஆதிதிராவிடர் நலத்துக்கான நில எடுப்புச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டவை. அந்தக் கோப்பு முழுமையாக முடிந்ததா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை.

செய்ய வேண்டியது இதுதான். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் நம் பெயரும் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். புலப்பட நகல் வாங்குங்கள். நில அளவருக்கு மனு கொடுத்து, பக்கத்து மனைக்காரர்கள் முன்னிலையில் நான்கு மூலையும் அளந்து கல் நடச் சொல்லுங்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. மூன்று சென்ட் என்றால் சுமார் 1,307 சதுர அடி. டேப் பிடித்து நீங்களே ஒரு முறை அளந்தால் குறைவு இருந்தால் தெரிந்துவிடும்.

பட்டாவில் அச்சிட்டிருக்கும் நிபந்தனைகளையும் படியுங்கள். எத்தனை காலத்துக்குள் கட்ட வேண்டும், எப்போது வரை விற்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். பெயர் தாத்தா காலத்தது என்றால், வாரிசுகள் கூடிப் பேசி முதலில் பெயர் மாற்றுங்கள். அண்ணன் தம்பி சண்டையில் பாதியில் நின்ற வீடுகள் ஏராளம். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் வீட்டை மனைவி பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ ஒதுக்குவதே பொது வழக்கம். அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏரி, குளம், ஓடைப் புறம்போக்கில் மட்டும் காசைக் கொட்ட வேண்டாம். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஏரிகளில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றவே கொண்டுவரப்பட்டது. அங்கே தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் மாற்று இடம் கேட்டுப் போராடுவது வேறு. அதே இடத்தில் கடன் வாங்கிக் கான்கிரீட் போடுவது வேறு.

லாரி வரும் பாதை

மனை இருக்கும், பாதை இருக்காது. நடந்து போக ஒற்றையடி வழி இருக்கும். ஜல்லி லாரி வந்தால் 'என் வரப்பு' என்று ஒருவர் மறிப்பார். மணலையும் செங்கலையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்தால் அந்தக் கூலியே ஒரு தனிச் செலவு. எனவே பொருள் இறக்கும் முன் புலப்படத்தில் பாதை காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காட்டப்பட்டிருந்தால் எழுத்து மூலம் வட்டாட்சியருக்கு மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பொதுப் பாதையையோ பொது நீர்நிலையையோ பயன்படுத்த விடாமல் சாதி காரணமாகத் தடுப்பதும், நம் நிலத்தில் இருந்து சட்டவிரோதமாக நம்மை வெளியேற்றுவதும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இதை இன்னும் விரிவாகச் சொல்கிறது. வாய்த்தகராறில் இறங்கினால் வழக்கு நம் மீதே திரும்பும். காகிதத்தில் பேசுவது பலமானது.

எல்லாக் காகிதங்களுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள். 2012 நவம்பர் 7இல் தர்மபுரி மாவட்டம் நத்தம் காலனி எரிந்ததை நாம் மறக்கவில்லை. வீடு எரிந்தால் பட்டாவும் படிப்புச் சான்றிதழும் சேர்ந்தே எரியும். செல்போனில் படம் எடுத்துப் பிள்ளைகளின் மின்னஞ்சலிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

பணத்துக்கு ஏற்ற வீடு

'கட்டுவதுதான் கட்டுகிறோம், பெரிதாகவே கட்டுவோம்' என்ற ஆசை இயல்பானது. தலைமுறை தலைமுறையாகக் குனிந்து நுழைந்த குடிசையில் வாழ்ந்தவர்களுக்கு நிமிர்ந்து நுழையும் வாசல் ஒரு மரியாதை. ஆனால் கணக்கு வேறு பேசும். புரிந்துகொள்வதற்காகச் சதுர அடிக்கு 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 360 சதுர அடிக்கு 6,48,000 ரூபாய். அரசு தருவது 3,50,000 என்றால், நம் கையில் இருந்து போக வேண்டியது 2,98,000. அதே வீட்டை 600 சதுர அடியாக்கினால் மொத்தம் 10,80,000. நம் பங்கு 7,30,000. உங்கள் ஊர் விலையை இதில் போட்டுப் பாருங்கள். கடைக்கால் போடும் முன்பே இந்தக் கணக்கு வீட்டுச் சுவரில் எழுதி இருக்க வேண்டும்.

இன்னொன்று: அரசுப் பணம் மொத்தமாக வராது. ஒவ்வொரு கட்ட வேலையும் முடிந்து, அலுவலர் வந்து படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகுதான் அந்தக் கட்டத்துக்கான தொகை வங்கிக் கணக்கில் ஏறும். அதாவது முதலில் வேலை, பிறகு பணம். இடையில் வரும் பள்ளத்தில்தான் வட்டிக்காரர் வந்து நிற்கிறார். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டிக்கு 50,000 வாங்கினால் மாதம் 2,500, வருடத்துக்கு 30,000. அசல் அப்படியே நிற்கும். வீடு முடிந்து மூன்றே வருடத்தில் வாங்கியதைவிட அதிகமாக வட்டி மட்டுமே கட்டியிருப்பீர்கள். கந்துவட்டியைத் தடை செய்யும் மாநிலச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கடனுக்குள் போகாமல் இருப்பதே நல்லது.

வழி என்ன? அடித்தள மட்டம் வரைக்குமான பணம் கையில் சேர்ந்த பிறகே தொடங்குங்கள். மகளிர் குழுக் கடன், கூட்டுறவுச் சங்கக் கடன் ஆகியவற்றை முதலில் கேளுங்கள். பூச்சு, டைல்ஸ், பெயிண்ட், வாசல் தூண் அலங்காரம் எல்லாம் பிறகு செய்யலாம். கடைக்காலையும் கூரையையும் பிறகு சரிசெய்ய முடியாது. ஒரு அறையும் சமையற்கட்டும் கழிப்பறையும் உறுதியாக முடித்து, அடுத்த அறைக்கு இடம் விட்டு வைத்தால் பிள்ளை சம்பாதிக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். திசை சரியில்லை, வாஸ்து சரியில்லை என்று கட்டிய வாசலை இடித்து மாற்றுவதற்கு நம்மிடம் பணம் இல்லை. காற்று வரும் பக்கம் ஜன்னல், தண்ணீர் ஓடும் பக்கம் சரிவு. அந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

ஏ.டி.எம். அட்டை யாரிடம் இருக்கிறது?

பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் விதிப்படி பயனாளியே தன் வீட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும்; இடையில் ஒப்பந்தக்காரர் கிடையாது. நடைமுறையில், 'நீ அலையாதே, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று ஒருவர் வந்து பாஸ்புக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் வாங்கிப் போகிறார். பணம் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. சுவர் பாதியில் நிற்கும். கணக்கில் கடைசித் தவணையும் எடுத்திருப்பார்கள். அட்டையையும் ரகசிய எண்ணையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். தவணையை ஏற்றக் காசு கேட்டால், அது லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போக வேண்டிய விஷயம்.

நீங்களே மேஸ்திரியை அமர்த்தினால், நூறு ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் பேச்சும் ஒரு நோட்டில் எழுத்தாக இருக்கட்டும். எத்தனை சதுர அடி, எது வரை வேலை, பூச்சும் தரையும் சேர்ந்ததா, எந்தக் கட்டத்தில் எவ்வளவு கூலி என்பதை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வேலையை விடக் கூலி முந்தக் கூடாது.

பொருள் வாங்குவதை உங்கள் கையிலேயே வையுங்கள். கம்பியில் ஏமாற்று எளிது, கண்டுபிடிப்பதும் எளிது. கம்பியின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மீட்டர், அதாவது ஏறக்குறைய 40 அடி நீளமுள்ள ஒரு 8 மில்லிமீட்டர் கம்பி சுமார் 4.7 கிலோ இருக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் என்றால் 7.4 கிலோ. 12 மில்லிமீட்டர் என்றால் 10.7 கிலோ. சற்று முன்பின் இருக்கலாம். ஆனால் எடை நன்றாகக் குறைந்தால் கம்பி மெலிந்தது என்று பொருள். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு இது.

செங்கலை இரண்டாக எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஓசை வர வேண்டும். இடுப்பு உயரத்தில் இருந்து கீழே போட்டால் உடையக் கூடாது. கான்கிரீட்டுக்கு எம்-சாண்ட், பூச்சுக்கு பி-சாண்ட். குவாரித் தூசியை எம்-சாண்ட் என்று இறக்கினால் திருப்பி அனுப்புங்கள். சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் கடந்ததை வாங்காதீர்கள். வாங்கியதைத் தரையில் அடுக்காமல் பலகை மேல், சுவரில் இருந்து தள்ளி அடுக்குங்கள்.

தாழ்ந்த இடம், உயர்ந்த மட்டம்

நம் குடியிருப்புகள் பலவும் ஊரின் தாழ்வான பக்கத்தில், வாய்க்கால் ஓரத்தில் அமைந்தவை. அது தற்செயல் அல்ல. மேட்டு நிலம் யாருக்கு, பள்ளம் யாருக்கு என்று சாதி பிரித்ததன் விளைவு. 2015 பெருமழையில் கடலூர் மாவட்டமும், 2018 கஜா புயலில் டெல்டா மாவட்டங்களும் இதன் விலையைக் கண்டன. இடத்தை மாற்ற முடியாவிட்டால் மட்டத்தை உயர்த்துங்கள். தேசியக் கட்டட விதித் தொகுப்பு, வீட்டின் தரை மட்டம் சுற்றியுள்ள நிலத்தை விட 45 சென்டிமீட்டராவது, அதாவது ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும் என்கிறது. பள்ளமான இடத்தில் அது போதாது. பழைய வெள்ளம் எதுவரை ஏறியது என்று பெரியவர்களைக் கேட்டு, அதற்கும் மேலே பேஸ்மட்டத்தை வையுங்கள். தெருவுக்குப் புதிதாகச் சிமெண்ட் சாலை போடும்போதெல்லாம் சாலை உயர்கிறது, வீடு தாழ்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மண்ணைப் பார்க்காமல் எல்லா இடத்திலும் ஒரே ஆழத்துக்குக் கடைக்கால் எடுப்பது அடுத்த தவறு. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். தூத்துக்குடி, விருதுநகர் பக்கம் சுவரில் குறுக்காக ஓடும் விரிசல்களுக்கு இதுவே முக்கியக் காரணம். கரிசலில் மண் அசையாத ஆழம் வரை இறங்க வேண்டும். பொறியாளரைக் கேட்டுக் கீழே குமிழ் உள்ள பைல் கடைக்கால் போடலாம். தோண்டிய கரிசல் மண்ணையே திரும்பத் தரைக்குள் கொட்டக் கூடாது. கிராவலோ மணலோ போட்டு, அரை அடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டுக் கெட்டிக்க வேண்டும். ஒரே நாளில் கொட்டி மூடினால் அடுத்த மழைக்குத் தரை இறங்கும்.

மூலை சரியாக இருக்கிறதா என்பதற்கு ஒரு எளிய சோதனை. ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே அளந்தால் சரியாக 5 அடி வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த பித்தாகரஸ் தேற்றம் நம் கடைக்காலில் வேலை செய்யும் இடம் இது.

தண்ணீர் கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு

கலவையில் தண்ணீர் கூடக் கூடாது; இறுகிய பிறகு தண்ணீர் குறையக் கூடாது. நடப்பது நேர்மாறு. பரப்புவதற்கு எளிதாக இருக்கும் என்று கலவையில் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். தளம் போட்ட மூன்றாம் நாளே நனைப்பதை நிறுத்திவிடுகிறார்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 முதல் 30 லிட்டர் தண்ணீர் போதும். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறையும். அதிகமாக ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அந்தத் துளை வழியேதான் மழைநீர் கம்பியைத் தொடுகிறது. துரு ஏறிய கம்பி பருத்துக் காரையைத் தள்ளுகிறது. பழைய தொகுப்பு வீடுகளின் கூரை பெயர்வதன் சூத்திரம் இதுதான்.

அளவையும் கண்மதிப்பில் விடாதீர்கள். கூரைக்கு வழக்கமான கலவை ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. ஒரு மூட்டை சிமெண்ட் ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி. ஒரு அடிக்கு ஒரு அடி, 15 அங்குல உயரத்தில் ஒரு மரப்பெட்டி செய்யுங்கள். மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. குவித்துப் போடும் சட்டிக் கணக்கை விட இது நம்பகமானது. தண்ணீர் சேர்த்த கலவையை அரை மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மீந்த கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைத்துப் போட விடாதீர்கள்.

இன்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். அதற்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் காய விடக் கூடாது. பதினான்கு நாள் என்றால் நல்லது. தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். தூணுக்கும் சுவருக்கும் ஈரச் சாக்கு சுற்றுங்கள். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள தெருவில் இது பெரும்பாடு என்பது தெரிந்ததே. அதனால்தான் வேலையைத் தொடங்கும் முன்பே தண்ணீருக்கு வழி செய்ய வேண்டும். உப்புத் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம்; வாயில் வைத்துப் பார்த்துக் கரித்தால் கலவைக்கு ஆகாது. தை மாதம் தொடங்கினால், ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறிவிடும்.

கம்பி எங்கே நிற்கிறது?

கூரைக் கம்பி பலகையைத் தொட்டுக் கொண்டிருக்கக் கூடாது. கீழே 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூட வேண்டும். தூணில் 40, கடைக்காலில் 50 மில்லிமீட்டர். இதற்குச் சிமெண்டில் செய்த கவர் பிளாக்கை வையுங்கள். ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்தால் ஆள் நடக்கும்போது நழுவிவிடும்.

ஜன்னல் மேல் நீட்டும் சன்ஷேடில் நடக்கும் தவறு உயிரைக் குடிப்பது. கூரைத் தளத்தில் முக்கியக் கம்பி கீழ்ப்பக்கம் இருக்கும். சன்ஷேடிலோ பால்கனியிலோ அது மேல்பக்கம் இருக்க வேண்டும். உள்ளே லிண்டலுக்குள் பிடிமானமும் வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆள் மிதித்து அந்தக் கம்பி கீழே போய்விட்டால், பலகையைப் பிரித்த அன்றோ பின்னொரு நாளோ அது முறிந்து விழும். சென்ட்ரிங் வாடகை ஏறுகிறது என்று முன்கூட்டியே முட்டு எடுக்கவும் அவசரப்படாதீர்கள். சாதாரண அறைத் தளத்துக்கே பதினான்கு நாள் விட்டால் பாதுகாப்பு. கான்கிரீட் போடும் அந்த ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நீங்கள் அங்கே நிற்க வேண்டும். தளத்தை மட்டமாக விடாமல், மழைநீர் ஓடச் சரிவும் வடிகுழாயும் வையுங்கள்.

மின் இணைப்பில் எர்த் கம்பியை மிச்சம் பிடிக்காதீர்கள். கசிவு ஏற்பட்டால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியின் விலை ஓர் உயிரின் விலை அல்ல.

யாரும் இறங்கக் கூடாத குழி

கழிப்பறையைப் பற்றி நம் பக்கம் பேசாமல் வேறு யார் பேசுவது? கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. பிறகும் நச்சுத் தொட்டிகளில் இறங்கி இறப்பவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பது இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் வீட்டிலேயே 'ஆழமாக, பெரிதாக ஒரே குழி' என்று தோண்டி, நாலாபுறமும் பூசி மூடுவது இன்னொரு தொட்டியை உருவாக்குவதுதான். நிறைந்தால் யாரோ ஒருவர் வர வேண்டும்.

அதற்கு மாற்று, இரட்டை உறிஞ்சுகுழிக் கழிப்பறை. சுமார் ஒரு மீட்டர் அகலமுள்ள இரண்டு குழிகள், இரண்டுக்கும் இடையே குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி, சுவரில் தேன்கூடு போல் ஓட்டைகள், அடியில் மண்தரை. நடுவில் ஒரு சிறு சந்திப்புத் தொட்டி. ஒரு நேரத்தில் ஒரு குழிக்கு மட்டும் பாதை திறந்திருக்கும். அது நிறையச் சில ஆண்டுகள் ஆகும். பிறகு அதை அடைத்து மற்றதைத் திறந்தால், மூடிய குழியில் இருப்பது இரண்டு ஆண்டுகளில் நாற்றமற்ற எருவாக மாறிவிடும். மண்வெட்டியால் அள்ளி வயலில் போடலாம். எந்த மனிதனும் மலத்தில் இறங்கத் தேவையில்லை. கிணறு, அடிபம்பில் இருந்து பத்து மீட்டராவது தள்ளித் தோண்டுங்கள். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் பகுதிகளில் மட்டும் ஒன்றியப் பொறியாளரின் ஆலோசனை கேளுங்கள்.

படிக்கும் மூலை

360 சதுர அடியில் எதற்கு இடம் விடுவது என்பதும் ஒரு தீர்மானம். எதிரெதிர் சுவர்களில் ஜன்னல் இருந்தால்தான் காற்று ஓடும். சமையற்கட்டில் புகை வெளியேற வழி வேண்டும். அம்மாவின் கண்ணும் நுரையீரலும் வீட்டின் பகுதிதான். ஷோகேஸுக்கு ஒதுக்கும் சுவரில் ஜன்னல் ஓரமாக ஒரு பலகையும், ஒரு பிளக் பாயிண்டும், ஒரு விளக்கும் வைத்தால் அது பிள்ளை படிக்கும் மூலை. 1930களில் டாக்டர் அம்பேத்கர் பம்பாய் தாதரில் ராஜகிருகத்தைக் கட்டியபோது, அந்த வீட்டின் பெரும்பகுதியைப் புத்தகங்களுக்கே கொடுத்தார். அத்தனை இடம் நம்மிடம் இல்லை. இரண்டடிப் பலகைக்கு இருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வேலை

இந்தக் கட்டுரையைப் படிக்கும் கல்லூரி, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் தெருவில் எழும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்குங்கள். என்ன பொருள் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, கம்பி எடை என்ன, எத்தனை நாள் தண்ணீர் விடப்பட்டது, எந்தத் தவணை எப்போது ஏறியது என்று எழுதுங்கள். ஒன்றிய அலுவலகம் தவணையை இழுத்தடித்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனு போடுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். மதிப்பீட்டு அறிக்கை, அளவுப் புத்தக நகல், தவணை விவரம் மூன்றையும் கேளுங்கள். நோட்டும் மனுவும் சேர்ந்தால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியையும் யாரும் ஏமாற்ற முடியாது.

கட்டட வேலை செய்யும் அண்ணன்மார், அக்காமார் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். 1994இல் அமைந்த வாரியம் அது. பதிவும் புதுப்பிப்பும் விட்டுப்போனால் உதவிகளும் விட்டுப்போகும். ஆதிதிராவிடர் வீட்டுவசதிக்காகவே 1974இல் தொடங்கப்பட்ட தாட்கோவின் மாவட்ட அலுவலகத்திலும், இப்போது என்ன கடன், என்ன மானியம் என்று ஆண்டுக்கு ஒரு முறை விசாரித்து வந்து தெருவில் சொல்லுங்கள்.

சதுர அடிக் கணக்கில் நம் வீடு சிறியது. ஆனால் குடிசை எரிந்தாலும் ஒழுகினாலும் கேட்க ஆளில்லாத காலத்தில் இருந்து, நம் பெயரில் பட்டாவும் நம் கையில் கணக்கும் உள்ள காலத்துக்கு வரும் வழி அந்தச் சிறிய வீட்டின் வாசல்தான். உழைப்பை ஊருக்குக் கொடுத்தோம். அதே கை நேர்த்தியை இனி நம் கூரைக்கும் கொடுப்போம்.